கோப்பாயில் ஒரு ஹூவர்மாட்டிக்: திருத்துவதா, பழைய இரும்புக்குப் போடுவதா?

கோப்பாயில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வளவில், கிணற்றடிக்குப் பின்னால் இருக்கும் கொட்டிலில், தோய்க்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரட்டைத் தொட்டி உள்ள வாஷிங் மெசின் ஒன்று நிற்கிறது. ஹூவர் கம்பனியின் ஹூவர்மாட்டிக். கொட்டிலை இடித்து வாகனம் விட இடம் எடுக்கும் வேலை தொடங்கியபோது, இதை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. கனடாவில் இருக்கும் தம்பிக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை: "அக்கா, அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுங்கோ. நான் புதுசு ஒண்டு எடுத்துத் தாறன்." ரீச்சர், பழைய சாமான் திருத்தும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது வேறு.

"தம்பி, ஓடுமோ எண்டு நான் கேக்கேல்லை. காசு செலவழிச்சு ஓட வைக்கிறதுக்குப் பெறுமதியோ, அதைச் சொல்லுங்கோ."

இப்படிச் சரியாகக் கேட்பவர்கள் குறைவு. பழைய மோட்டர் எதையும் எப்படியாவது சுற்ற வைத்துவிடலாம். ஒரு நாள் சுற்றிக் காட்டுவதும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் கிழமைக்கு இரண்டு தரம் நம்பித் தொடுவதும் வேறு வேறு. முன்னதற்கு ஒரு பின்னேரம் போதும்.

பழைய பொருளைப் பார்க்கும்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, இது கெட்டுப்போயிருந்தால் யாழ்ப்பாணத்தில் செய்விக்கலாமா, கடையில் வாங்கலாமா, இரண்டுக்கும் வழியில்லையா என்று கேட்பேன். தண்டு, அது சுற்றும் உலோகக் குழலான புஷ், புல்லி எல்லாம் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். பெல்ட், பெயரிங், வயர், கப்பாசிற்றர் எல்லாம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் போனால் அளவு சொல்லி வாங்கலாம். செய்யவும் முடியாது, வாங்கவும் முடியாது என்று நிற்கும் உறுப்புகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் முடிவு. வெளித் தகட்டுக் கறளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும், "அந்தக் காலத்துச் சாமான், அசையாது" என்று உருகுபவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

வயதும் வந்த வழியும்

பின்பக்கத் தகட்டில் பாதி எழுத்து அழிந்திருந்தது. வாசிக்கக்கூடியதாக இருந்தது மேர்தர் டிட்வில் என்ற ஊர்ப் பெயரும், 240 வோல்ட், 50 சைக்கிள் என்பதும். மேர்தர் டிட்வில் வேல்ஸில் இருக்கிறது. ஹூவர் அங்கே வாஷிங் மெசின் தொழிற்சாலையைத் திறந்தது 1948இல். அங்கு உற்பத்தி நின்றது 2009இல். ஆகவே செய்த இடத்துக்கு எழுதிப் பாகம் எடுப்பது நடக்காது.

ரீச்சரின் கணவர் லண்டனில் படிக்கப் போய், திரும்பும்போது கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து இங்கே ரயிலில் வந்ததாம். எந்த ஆண்டு என்று ரீச்சருக்கு நினைவில்லை. வயரைப் பார்த்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை. பிரித்தானியாவில் வீட்டுச் சாமான்களின் வயர் நிறம் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் என்று மாறியது 1969, 70 அளவில். இந்த வயர் ஒருபோதும் மாற்றப்படவில்லை என்பதால் மெசின் அதற்கு முந்தியது. திருகாணிகளும் அதையே சொல்லின. மில்லிமீற்றர் சாவி எதுவும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. எல்லாம் அங்குல அளவு.

240 வோல்ட், 50 சைக்கிள் என்பது நல்ல சகுனம். எங்கள் லைன் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அப்படியே பொருந்தும். இதுவே அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெசினாக இருந்தால் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதை வைத்தாலும் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், கூடவே சூடாகும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் மிச்சத்தைப் பார்க்கும் முன்பே தயங்குவேன்.

1990இல் குடாநாட்டுக்கு லைன் கரண்ட் நின்றபோது மெசினும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலத்தில் உடுப்புத் தோய்க்கிற மெசினை யார் நினைப்பார்கள். கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு, தொட்டிக்குள் சிரட்டையும் பொச்சுமட்டையும் போட்டு வைத்தார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடே வெறுமையானது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கொட்டில் கூரையில் ஒரு மூலை போயிருந்தது. மெசின் அந்த மூலைக்குக் கீழே நின்றிருக்கிறது. கூரையைத் திருத்தும்வரை எத்தனை மாரி அதன்மேல் பெய்ததோ.

கறளை வாசிப்பது

முதல் வேலை, பிளக்கை வெட்டி எடுத்துவிட்டேன். பழைய மெசினைக் கண்டவுடன் "ஒருக்கா கரண்ட் குடுத்துப் பாப்பம்" என்று கை போகும். அந்த ஒருக்காவிலேயே ஈரம் குடித்த சுருள் எரிந்துபோகும், திருத்தக்கூடியதாக இருந்த மோட்டர் திருத்த முடியாததாகும். பிளக் இல்லாவிட்டால் யாருக்கும் ஆசை வராது.

பிறகு ஒரு கூரான குத்தூசியும், ஸ்குரூட்றைவரின் பிடியும். பிடியால் தட்டிக்கொண்டு போனால் நல்ல தகடு கணீரென்று கேட்கும். உள்ளே உதிர்ந்த இடம் சத்தம் செத்துக் கேட்கும். சத்தம் செத்த இடத்தில் ஊசியை வைத்து அழுத்தினேன். இடதுபக்கத் தகடு முழுக்க மேற்கறள்தான், ஊசி கீறிக்கொண்டு போனது, இறங்கவில்லை. கூரை ஒழுகிய வலதுபக்கத்தில், கீழிருந்து நாலு விரல் உயரம்வரை பெயின்ற் கொப்புளித்து நின்றது. கொப்புளத்தைத் தட்டிவிட்டால் உள்ளே தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஊசி அங்கே சிரமமில்லாமல் இறங்கியது. அடிச்சட்டத்தில் ஒரு மூலை, கையால் பிடித்து ஆட்டினால் பழுப்புத் தூளாகக் கொட்டியது.

பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது என்னைக் கவலைப்படுத்தவில்லை. அடிச்சட்டம் என்பது வளைத்த இரும்பு. வெட்டி எடுத்துவிட்டுப் புது ஆங்கிள் இரும்பு வைத்து ஒட்டலாம், எந்த வெல்டிங் கடையிலும் செய்வார்கள். பக்கத் தகடும் அப்படியே. அளவுகோலின்படி இது "இங்கேயே செய்யலாம்" வகை. பெயின்ற் போன வெளித்தகடு கடைசியாகப் பார்க்கவேண்டிய விஷயம். பலர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது உள்தொட்டி. பழைய மெசின்கள் பலவற்றில் தொட்டி இரும்பில் செய்து எனாமல் பூசியது. எனாமல் என்பது கண்ணாடித் தூளை 800 பாகை அளவில் சூளையில் உருக்கி இரும்போடு சேர்ப்பது. அது உடைந்து இரும்பு வெளியே தெரிந்தால், இங்கே யாரும் திரும்பப் பூச முடியாது. எப்பொக்சி பூசலாம், சவர்க்காரத் தண்ணீரில் அது நாள்பட நிற்காது. பிறகு வெள்ளை உடுப்பெல்லாம் கறள் புள்ளி. ரீச்சரின் மெசினில் சிரட்டைகளை அள்ளிப் போட்டுவிட்டுக் கழுவிப் பார்த்தபோது, தொட்டி துருப்பிடிக்காத எஃகு. மங்கியிருந்தது, சுண்ணாம்பு படிந்திருந்தது, ஆனால் முழுசு. எஃகுக்கும் ஒரு எதிரி உண்டு, உப்பு. உப்பாறுப் பக்கம் போகப் போகக் கிணறுகள் சவர். சவர்த் தண்ணீர் தேங்கி நின்ற எஃகில் ஊசிக் கண் அளவு குழிகள் விழும். லைற் அடித்து, விரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன். அடி மடிப்பில்கூட ஒரு குழி அகப்படவில்லை. ரீச்சரின் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு.

தொட்டி எனாமலாக இருந்து உடைந்திருந்தால், அன்றைக்கே "ரீச்சர், விட்டிடுங்கோ" என்று சொல்லியிருப்பேன்.

தோய்க்கிற பக்கம்

இந்த வகை மெசினில் தண்ணீரைச் சுழற்றும் தட்டு தொட்டியின் பக்கச் சுவரில் இருக்கும், அடியில் அல்ல. பெல்ட்டால் ஓடும். வேகமாக அடிக்கும், அதனால் சில நிமிடத்தில் தோய்த்து முடித்துவிடும். தட்டை கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. தண்டு தேய்ந்து, புஷ் முட்டை வடிவமாகியிருந்தது, சீல் கல்லாக இறுகியிருந்தது.

இங்கேதான் யாழ்ப்பாணத்தின் ஒரு நல்ல காலம் உதவிக்கு வந்தது. நல்ல காலம் என்று சொல்லக் கூடாதுதான், ஆனால் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரினையும் மொரிஸ் மைனரையும் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்குகளும் கடைசல்காரர்களும் இன்னும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களிடம் அங்குல அளவுச் சாவியும், விற்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அளவு மரை வெட்டும் டையும் இருக்கும். கொக்குவிலில் லேத் வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம் தண்டைக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரையை நகத்தால் ஒருமுறை தடவினார். "இது மொரிஸ் காலத்து மரை. விட்டிட்டுப் போம், செய்து தாறன்."

தண்டு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் சீல் 12 மில்லிமீற்றர். அந்த 0.7 மில்லிமீற்றரில்தான் இப்படியான வேலைகள் பிழைக்கும். இறுக்கிப் போட்டால் சீல் கிழியும், தண்ணீர் நேரே மோட்டருக்குமேல் விழும். ஐயா கடைச் சீலில் கைவைக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகில் புதுத் தண்டு கடைந்து, சீல் உட்காரும் இடத்தை மட்டும் 12க்கு இறக்கி, தட்டுப் பிடிக்கும் நுனியில் பழைய மரையையே வெட்டித் தந்தார். புஷ் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில். தட்டிலோ மெசினிலோ கைவைக்காமல் பொருந்தியது.

கரண்ட் பக்கம்

வயர் எல்லாம் றப்பர் உறை. வளைத்தால் பிஸ்கற் மாதிரி உடைந்தது. ஒரு அடி வயர்கூட மிச்சம் வைக்காமல் மாற்றவேண்டும் என்பதில் விவாதமே இல்லை. ஹீற்றருக்குப் போகும் வயரில் வெள்ளை நார் உறை இருந்தது. அந்தக் காலத்துச் சூடாகும் சாமான்களில் இப்படியான உறை அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். ஊதித் தட்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினேன். மோட்டருக்குப் பக்கத்தில் இருந்த கப்பாசிற்றரையும் திறக்காமல் அப்படியே இன்னொரு பையில். 1970களின் இறுதிவரை செய்த கப்பாசிற்றர்கள் சிலவற்றுள் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் உண்டு. பழைய இரும்புக் கடையில் செம்புக்காக இவற்றை உடைத்து எரிப்பதைக் கண்டிருக்கிறேன், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க. தயவுசெய்து அப்படிக் கொடுத்துவிடாதீர்கள்.

மோட்டரைச் சுற்றுவதற்கு முன் மெகர். 500 வோல்ட் கொடுத்து, சுருளுக்கும் உடம்புக்கும் இடையே எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. எண் கூடினால் கசிவு குறைவு. குறைந்தது 1 மெகாஓம் வேண்டும். தோய்க்கும் மோட்டர் காட்டியது 0.3. இதைக் கண்டு மோட்டரைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். மெகர் சொல்வது "கசிகிறது" என்று மட்டும். சுருள் எரிந்ததா, ஈரம் குடித்ததா என்று அது சொல்லாது. பழைய வகைக் குண்டு பல்ப் ஒன்றைக் காட்போட் பெட்டிக்குள் எரியவிட்டு, மோட்டரை உள்ளே வைத்து மெதுவாகக் காயவிட்டேன். அளவு படிப்படியாக ஏறி 20ஐத் தாண்டி நின்றது. வாணிஷ் மணமும் கருகாமல் இருந்தது. மோட்டர் பிழைத்தது.

ஹீற்றர் பிழைக்கவில்லை. அதையும் காயவைத்தேன், அளவு 0.6க்கு மேலே வரவில்லை. வெளியே தடித்த சுண்ணாம்புத் தோல். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து ஹீற்றரில்தான் முதலில் படியும், கேற்றிலைக் கழுவும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வேறு ஹீற்றர் தேடி மாட்டலாமா? இதில் 3000 வாட் என்று பொறித்திருந்தது. 13 அம்பியர் இழுக்கும். கிணற்றடிக்குப் போகும் பழைய வயர் அதைத் தாங்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் இங்கிலாந்துக் குளிர்த் தண்ணீர் அல்ல. வீட்டு உடுப்புக்கு அதுவே போதும். ஹீற்றரின் இணைப்புகளை முழுதாகக் கழற்றிவிட்டு, ஹீற்றரை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டேன். அதை எடுத்தால் தொட்டியில் ஓட்டை, அடைக்க வேறு வேலை.

நிறுத்திய இடம்

பிழியும் பக்கத்துக்கு வந்தபோதுதான் என் அளவுகோல் "இல்லை" என்றது.

சுழலும் தொட்டியின் தண்டைச் சுற்றி, தண்ணீர் கீழே போகாமல் தடுக்கும் றப்பர் உறை ஒன்று உண்டு. அது கையில் எடுத்ததும் துண்டு துண்டானது. இன்றைய இரட்டைத் தொட்டி மெசின்களுக்கு விற்கும் உறைகளில் ஒன்றை எப்படியாவது பொருத்தலாம் என்று தோன்றியது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபின் அந்த எண்ணத்தை விட்டேன். தொட்டி தண்டோடு சேரும் குமிழைச் சுற்றிக் கறள் குழிகள், அடுத்தடுத்து, ஒரு வளையமாக.

அந்த இடத்தில்தான் முழுப் பாரமும் விழும். பத்துச் சென்ரிமீற்றர் ஆரமுள்ள தொட்டி நிமிடத்துக்கு 1400 தரம் சுற்றுகிறது என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ ஈர உடுப்பு தொட்டிச் சுவரை 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக அழுத்தும். உடுப்பு ஒருபக்கம் ஒதுங்கினால் அந்தப் பாரம் குமிழை வளைத்து வளைத்து ஆட்டும். ஒட்டலாம், மினுக்கலாம், பெயின்ற் பூசி மறைக்கலாம். உள்ளே எவ்வளவு தகடு மிச்சம் என்று கண்ணால் சொல்ல முடியாது, இந்தச் சமநிலையில் புதுத் தொட்டி கடைந்து தர இங்கே இடமும் இல்லை. மூடியைத் திறந்தவுடன் தொட்டியை நிறுத்தும் பிரேக்கும் தேய்ந்திருந்தது. ஒரு நாள் அது பிய்ந்தால் பக்கத்தில் நிற்கப் போவது ரீச்சர். இதில் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லுக்கு இடமில்லை.

முடிவு

சொன்னது இதுதான்: தோய்க்கிற பக்கத்தைத் திருத்துவோம். பிழிகிற பக்கத்தை நிரந்தரமாகப் பூட்டுவோம். ஹீற்றர் வேண்டாம்.

காசைப் பொறுத்தவரை என் வரம்பு, புதிய இரட்டைத் தொட்டி மெசின் ஒன்றின் விலையில் பாதி. அதற்கு மேலே போனால், அந்த மெசினில் மனம் எவ்வளவு ஒட்டியிருந்தாலும், நிறுத்தச் சொல்வேன். இங்கே லேத் வேலை, வெல்டிங், வயர், பெயின்ற் எல்லாம் சேர்த்தும் பாதிக்குக் கீழேயே நின்றது. பிழிகிற பக்கத்தையும் செய்ய இறங்கியிருந்தால் வரம்பு தாண்டியிருக்கும், பாதுகாப்பும் வந்திருக்காது.

ஒரு விஷயத்தில் கனடாத் தம்பி சொன்னது நியாயம், அதை இருவருக்கும் திறந்து சொன்னேன். ரீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது. பிழியாத பெற்சீற்றை வாளியில் தூக்கிக் கொடிக்குக் கொண்டுபோவது அவரால் ஆகாது. வெயில் காலத்தில் எங்கள் வெயிலே பிழிந்துவிடும், தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டாலும் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காயும். கார்த்திகை மார்கழி மாரியில் அது நடக்காது. அதனால் பெற்சீற்றுக்கும் மாரிக்கும் புதியது ஒன்று வேண்டும் என்றேன். இரண்டு பேருக்கும் அது சம்மதம். தம்பி வாங்கிக் கொடுத்தார்.

"அப்ப பழசு என்னத்துக்கு அக்கா?" என்று கேட்டாராம்.

"என்ரை சீலையையும் துவாயையும் அவர் கொண்டுவந்ததிலை தோய்ப்பன். உனக்கு என்ன கஷ்டம்?"

பெறுமதி என்று நான் இவ்வளவு நேரம் போட்ட கணக்கில் இந்தப் பதிலுக்கு ஒரு வரி இருக்கவேண்டும். பாதி விலை என்ற வரம்புக்குள், ஆபத்தில்லாத அளவில், ஒருவர் தன் பொருளைக் கையால் பாவிக்க விரும்புகிறார் என்பது போதுமான காரணம். பார்வைக்கு வைக்க மட்டும் கேட்டிருந்தால் லேத்துக்கே போகவேண்டியதில்லை, கறளை நிறுத்திப் பூச்சுக் கொடுத்தாலே முடிந்தது.

அப்புறம் வேலை நேராக நடந்தது. சிறிய இரும்புப் பாகங்களின் கறளைச் சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டு, பற்றறி சார்ஜரால் மின் கொடுத்து எடுத்தேன். இதை வீட்டில் செய்பவர்கள் நேர்முனைக்குச் சாதா இரும்பையே போடுங்கள். துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைந்து தண்ணீரில் சேரும், அதைக் கிணற்றடியில் ஊற்ற முடியாது. வலதுபக்கத் தகட்டைக் கீழே வெட்டி ஒட்டி, பிறைமர் அடித்து, கிட்டத்தட்ட அதே வெளிர் நீலத்தில் பெயின்ற் அடித்தோம். மூடியைத் தொட வேண்டாம் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். அதில் இருக்கும் கீறல்கள் அவருக்குத் தெரிந்த கீறல்கள்.

கிணற்றடிக்குப் புதிய லைன், தனி பியூஸ், கரண்ட் கசிந்தால் தானே வெட்டும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச், சரியான எர்த். இவை நாலும் இல்லாமல் பிளக் மாட்ட மாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தேன். மெசின் திருத்தப் போன செலவில் கணிசமான பங்கு இதற்கே போனது, ஆனால் அது வீட்டுக்குத்தான் சேரும், புது மெசினும் அதே லைனில்தான் ஓடுகிறது.

மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ஹீற்றரின் இணைப்பு கழற்றப்பட்டது, பிழிகிற பக்கம் பூட்டப்பட்டது, திறந்து ஓட வைக்கக் கூடாது. எனக்குப் பிறகு வரும் திருத்துனருக்காக எழுதியது அது. வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்து தையில், மெகர் பிடித்துப் பார்க்கவேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். லண்டனில் இருக்கும் உறவுக்காரப் பெடியன் ஒருவன் இதே மாதிரி மெசினின் நல்ல பிழிதொட்டி ஒன்றைத் தேடித் தருவதாகச் சொல்கிறான். வந்தால் குமிழைப் பார்ப்பேன். குழி இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கும் புதுக் கணக்குப் போடுவோம்.